காதை அடைத்துக்கொண்டு பாடிய டூ-வாப்

போன வாரம் பர் துபாயில் தயிர் வாங்கப் போன இடத்தில், சூப்பர் மார்க்கெட் கூரை ஸ்பீக்கரில் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டு ஆரம்பித்தது. நிற்க முடியவில்லை. தயிரை வைத்துவிட்டு அரிசி வரிசைக்கும் சோப்பு வரிசைக்கும் நடுவே நடக்கத் தொடங்கினேன். என்னைக் கேட்காமலே வாய் 'டூம்... வாப்... டூம்' என்றது. சோப்பு முகர்ந்துகொண்டிருந்த அம்மாள் சட்டென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். தோஹா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கள் ரூமில் எட்டுக் கட்டில்கள். கிடார் வைக்க இடமில்லை. தொண்டைக்குத் தனி இடம் வேண்டியதில்லை. அதனால்தான் பிலிப்பினோ வெல்டர் ரே, தன் அப்பாவிடம் பழகிய டூ-வாப் என்னும் பழைய அமெரிக்கக் கூட்டுப்பாட்டை எங்களுக்குச் சொல்லித் தந்தான். ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர்கள் வேறு வேறு சுரத்தில் வாயாலேயே வாத்தியம் வாசிக்க வேண்டும். மெட்டு புதுக்கோட்டை முருகேசனுக்கு, அடிக்குரல் எனக்கு.

நானோ பஜனையில் வளர்ந்தவன். ஒருவர் பாடினால் கூடச் சேர்ந்து அதையே பாடுவதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. மூன்றாவது வரிக்குள் முருகேசனோடு போய்விடுவேன். ரே நிறுத்திவிடுவான்.

"அண்ணே, மறுபடியும் என் பாட்டுக்குள்ள வந்துட்டீங்க!" என்பான் முருகேசன்.

"உன்னைத் தனியா விட மனசு வரலடா."

"கலாஸ், பாய்! போதும்!" என்று ஒருநாள் ரே, ஒர்க்ஷாப்பில் தரும் இயர் பிளக்கை என் காதுகளில் திருகிவிட்டான். தாளத்துக்கு என் முதுகில் அவன் விரல். அதன்பின் நான் தடம் புரளவில்லை.

இதெல்லாம் வெறும் விளையாட்டுக்கல்ல. முருகேசனின் தங்கைக்குக் கல்யாணம். லீவு இரண்டு தடவை மறுத்தாகிவிட்டது. மேனேஜர் இந்தப் பாட்டுகளோடு வளர்ந்த அமெரிக்கக் கிழவர். கம்பெனி விழாவில் அவர் மனம் குளிர்ந்தால் அங்கேயே கேட்டுவிடுவது என்று திட்டம்.

ஆங்கில வரிகளைத் தமிழில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மேடையேறினான் முருகேசன். வியர்வையில் மை கரைந்து, இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். காதில் பிளக்கோடு நின்ற எனக்கெப்படித் தெரியும்? ரே விரலை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. பஜனையில் உருகுவதுபோல் கண்ணை வேறு மூடியிருந்தேன். திறந்தபோது மேனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முருகேசன் அவர் எதிரே கைகட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா சொன்னாரு?" என்று கத்தினேன். பதில் காதில் விழவில்லை. அவன் என்னைத் தூக்கிச் சுற்றியதில் புரிந்தது.

லீவில் போனவன் திரும்பவில்லை. ரே கனடா போய்விட்டான். கேம்ப் இருந்த இடத்தில் இப்போது குளிர்கிடங்கு.

போன வாரம் அந்தச் சூப்பர் மார்க்கெட்டில் பாட்டு முடியும்வரை நடந்தேன். நல்ல மெட்டு. மூன்று மாதம், வெள்ளி தவறாமல், காதடைத்து நின்ற என் தோளை உரசிக்கொண்டு முருகேசன் பாடியது இதைத்தான். மூன்றாவது வரிக்குப் பிறகு அது எங்கே போகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.