சாக்கடலில் மூன்று முழுக்கு

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஷாஃப்ஹவுசன் நகரில் ரயிலேறிக் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆனாலும் பல வருடமாகப் போனேன். சாமியிடம் கேட்க எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்னதானத்தில் சோறு பரிமாறத்தான் போனேன். வாரம் முழுவதும் வயோதிபர் இல்லத்துச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு, ஒரு நாளாவது தன் கையால் நாலு பேருக்குச் சோறு போட்டால்தான் மனுசியாக இருப்பது போலிருக்கும்.

அந்தக் கையில்தான் சொரியாசிஸ் வந்தது. முதலில் முழங்கையில் ஒரு வெள்ளைச் செதில். பிறகு புறங்கை, விரல் மடிப்பு எல்லாம் சிவந்து வெடித்தது. தொற்றாது என்று தோல் மருத்துவர் அடித்துச் சொன்னார். வேலையிடத்தில் மேலாளர் ஒரு கட்டுப் பருத்திக் கையுறை கொண்டுவந்து வைத்தார், அத்தோடு கதை முடிந்தது. கோயில் குசினியில் முடியவில்லை. சமையலுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா ஒருநாள் என் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“பாவம், களைச்சுப்போனியள். இண்டைக்குத் தண்ணிப் போத்தலை எடுத்து வையுங்கோ.”

மூடி திறக்காத போத்தல். எனக்கு விளங்காமலா? அடுத்த கிழமையும் போத்தல்தான், அதற்கடுத்த கிழமையும் அதுவேதான். கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் சண்டைக்குப் போவார், அல்லது போகாமல் இருப்பார். இரண்டில் எதை என்னால் தாங்க முடியும் என்று தெரியவில்லை.

களிம்பு, ஒளிச் சிகிச்சை எல்லாம் பார்த்தாகிவிட்டது. சாக்கடலுக்குப் போய் வந்தால் சிலருக்குக் குறையும் என்றார் மருத்துவர். குணமாகும் என்று அவர் சொல்லவே இல்லை. நான்தான் எனக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கினேன். கோடை விடுமுறையில் இருவரும் ஜோர்தான் பக்கக் கரைக்குப் போனோம்.

கடல் என்பது பெயரில்தான். அது பாலைவனத்து ஏரி. உலகத்தில் தரை என்று இருப்பதில் மிகத் தாழ்ந்த இடம் அதன் கரை. வாகனம் இறங்க இறங்கக் காது அடைத்தது. நாங்கள் வாழும் நாட்டில் ஏரிக்குப் பஞ்சமில்லை. அங்கே ஏரிக்குள் ஒரு பக்கத்தால் வரும் ஆறு மறுபக்கத்தால் போய்விடும். ஷாஃப்ஹவுசனில் ஓடும் ரைன் அப்படிப் பெரிய ஏரியிலிருந்து வெளியேறி வருவதுதான். சாக்கடலுக்குள் ஜோர்தான் ஆறு வருகிறது, வெளியே போக வழியில்லை. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. அப்படிக் காலங்காலமாக மிஞ்சிய உப்பு, கடலைவிடப் பல மடங்கு. அதுவும் கறிக்குப் போடுகிற உப்பு குறைவு. மக்னீசியம் குளோரைடுதான் கூடுதல். நாக்கில் பட்டால் கசக்கும், உடம்பில் எண்ணெய் பூசினது போல வழுக்கும்.

மீன் இல்லை, நண்டு இல்லை. ஆற்றோடு தவறி வரும் மீன் உள்ளே நுழைந்ததும் செத்துவிடும் என்றார் விடுதிக்காரர். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த உப்பிலும் பிழைத்துக் கிடக்கின்றனவாம். நல்ல மழை பெய்து மேல்தண்ணீரில் உப்புக் குறைந்தால் பாசி பெருகி, தண்ணீரே சிவந்துபோகுமாம். கரையில் நன்னீர் ஊற்றுக் கசிகிற இடத்தில் நாணல் பச்சையாக நின்றது. ஆற்றை மேலேயே மறித்து எடுப்பதால் ஏரி வருடாவருடம் வற்றுகிறது. முன்பு தண்ணீரைத் தொட்ட படிக்கட்டு இப்போது வெறும் மண்ணில் முடிந்திருந்தது. அதில் இருந்து ஏரியைப் பார்க்க எனக்கு இன்னும் களைப்பாக இருந்தது.

முதல் நாள் இறங்கும்போதே கணவர் தொடங்கிவிட்டார்.

“இஞ்சரும், தீர்த்தமெண்டு நினைச்சு மூண்டு முழுக்குப் போடும். சும்மா காலை நனைச்சால் ஒண்டும் நடக்காது.”

தலையை நனைக்காதீர்கள் என்று கரையில் பலகை இருந்தது. அது வெள்ளைக்காரருக்கு என்று நினைத்தோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். தண்ணீர் என்னைத் தூக்கி மல்லாக்கப் போட்டது. மறுபடியும் குந்தினேன், மறுபடியும் தூக்கியது. “பொறும், நான் அமத்திறன்” என்று உச்சியில் கை வைத்து ஒரே அமுக்கு.

மிளகாய்த்தூளைக் கண்ணில் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. விடுதிக்காரர் நல்ல தண்ணீரோடு ஓடிவந்து கண்ணைக் கழுவிவிடும்வரை கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. துவாயைப் போர்த்திக்கொண்டு கரையில் இருந்தபோது, நான் கத்தியதைப் பிடித்துக்கொண்டு கணவர் கேட்டார்.

“உம்மட்டையிருந்து கரண்டியைப் பறிச்சது ஆர்?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கண்ணும் சிவந்திருந்தது. அவர் தலையை நனைக்கவே இல்லை.

“இனி அங்கை போகவேண்டாம்.”

“போவன். கை மாறின பிறகு போவன்.”

கை மாறிச் சுகமானது. உப்பா, வெயிலா, வேலைக்குப் போகாமல் இருந்ததா, தெரியாது. அவ்வளவு தாழ்வில் வெயில் தோலை எரிக்கிறது குறைவாம். செதில் உதிர்ந்து, உள்ளே புதுத் தோல் தெரிந்தது.

திரும்பி வந்து சில கிழமைக்குப் பிறகு இருவரும் கோயிலுக்குப் போனோம். அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வடிவாய் மாறிட்டுது! இந்தாங்கோ, சோத்தை நீங்களே போடுங்கோ” என்று கரண்டியை நீட்டினார்.

இதற்காகத்தான் அந்தச் சாக்கடல் பள்ளத்துக்குள் இறங்கி ஏறினேன். ஆனால் அன்று காலை குளிக்கும்போது மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பொட்டைக் கண்டிருந்தேன். வளையலை மேலே தள்ளிக் காட்டினேன்.

“இது திரும்பவும் வரும் அக்கா. வந்தாலும் கரண்டி தருவியளோ?”

அவர் பொட்டைப் பார்த்தார். வரிசையில் இருந்த சனத்தைப் பார்த்தார். நீட்டிய கரண்டி அவர் கையிலேயே இருந்தது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், கோபப்படவும் தெம்பில்லை.

“நான் இண்டைக்குப் பந்தியிலை இருந்து சாப்பிடுறன்” என்றேன்.

பந்தியில் இருந்த கணவர் நகர்ந்து இடம் விட்டார். பரிமாறுகிறவர்கள் கடைசியில் குசினிக்குள் நின்றபடியே சாப்பிடுவதுதான் வழக்கம்; அந்த மண்டபத்தில் நான் பந்தியில் இருந்தது அதுதான் முதல் தடவை. அக்கா தானே சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரு கரண்டி போட்டு வந்தவர் எனக்கு இரண்டு போட்டார். போனவர் திரும்பிவந்து இன்னும் கொஞ்சம் வைத்தார். எனக்குப் பசித்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.