ஆறு கம்பி பேஸும் மோட்டார் காயிலும்

கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் என் பக்கத்தில் வந்து நின்று, நான் எப்போது வாசிக்கத் தொடங்குவேன் என்று கேட்டவர்கள் உண்டு. அதுவும் நான் ஒரு மணி நேரமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது. பேஸ் கிட்டார்க்காரனின் பிழைப்பு அப்படி. பாடுகிறவர் தும்மினால்கூட ஊருக்கே தெரியும். பேஸ் நின்றால் பாட்டில் என்னவோ குறைகிறது என்று தோன்றும், குறைந்தது எது என்று எவனுக்கும் தெரியாது. இதை நான் ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்கிறவர்களிடம் வெடுக்கென்று, "வாசிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தேன். அதே வருடம் ஊரில் இருந்த மெல்லிசைக் குழுவிலும் சேர்ந்துவிட்டேன். பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சிதான் குழுவை நடத்தினார். பாடுவதும் அவர்தான், ஆளை வைப்பதும் எடுப்பதும் அவர்தான். குழுவில் கிடந்த நான்கு கம்பி பேஸை என் கையில் கொடுத்து, வாசிக்கக் கற்றுக்கொள் என்றார். கற்றுக்கொண்டேன். மில்லில் ஆயிரம் ஸ்பிண்டில் சுற்றும் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, மேடையில் நின்று வாசிப்பதுதான் மனுசனாக இருக்கிற நேரம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மில்லில் நான் ஒரு டோக்கன் நம்பர், மேடையில் எனக்கு ஒரு இடம் இருந்தது.

தொண்ணூறுகள் பிறந்ததும் அந்த இடத்துக்குக் கேடு வந்தது. அண்ணாச்சி புதிதாக ஒரு கீபோர்டு வாங்கினார். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிக்கிற ஒருவரை அதில் உட்கார வைத்தார். தங்கமான மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அவருடைய இடது கை இருக்கிறதே, அதுதான் எனக்கு எமனாக வந்தது. வலது கையில் பாட்டை வாசித்துக்கொண்டே இடது கையால் பேஸையும் வாசித்துவிடுவார். ஒத்திகையில் அதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அதன் பிறகு வேனில் ஆள் ஏறும்போதெல்லாம், ஒரு ஆள் குறைந்தால் எல்லாருக்கும் வசதியாக உட்காரலாம் என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தார்.

கேபிள் டிவி வந்த புதிது. ஒருநாள் ஏதோ வெளிநாட்டுக் கச்சேரியில் ஒருத்தன் பலகை மாதிரி அகலமான பேஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றான். எண்ணிப் பார்த்தேன், ஆறு கம்பி. சுரத்தில் நம்முடைய நான்குக்குக் கீழே இன்னும் தடிமனாக ஒன்று, மேலே மெல்லிசாக ஒன்று. அந்தக் கீழ்க் கம்பியை அவன் தட்டியபோது எங்கள் டிவிப் பெட்டியே அதிர்ந்தது. கீபோர்டின் இடது கைக்கு இது வராது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். ஒருவன் முட்டாளாவதற்கு ஐந்து நிமிடம் டிவி பார்த்தால் போதும்.

வெளிநாட்டுச் சரக்கை நினைத்தே பார்க்க முடியாது. மதுரையில் ஒரு கடையில் விசாரித்தால், கல்கத்தாவில் சொல்லிச் செய்து தருவதாகச் சொன்னார்கள். மலிவுதான். வீட்டில் கிரைண்டர் வாங்கலாம் என்று வைத்திருந்த போனஸ் அங்கே போனது. மனைவி, "கம்பி கூடுனா சம்பளம் கூடுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். வாராவாரம் மில் லீவு நாளில் மதுரைக்கு பஸ். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் வந்துவிடும் என்பார். நான்கு மாதம் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார். ஆறு கம்பி என்றதும் அவர்கள் கிட்டாரையே செய்து அனுப்பிவிட்டார்கள். அதைத் திருப்பி அனுப்பி, பேப்பரில் படம் போட்டு விளக்கி, இன்னும் மூன்று மாதம் காத்திருந்தேன். கடைசியில் வந்தது, சும்மா சொல்லக்கூடாது, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. கருஞ்சிவப்புப் பாலிஷ், அகலமான கழுத்து. கையில் எடுத்தால் உலக்கையைத் தூக்குவது மாதிரி இருந்தது.

வாசித்துப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. நான்கு கம்பிதான் பேஸ் கம்பி. மீதி இரண்டு இடத்தில் சாதாரண கிட்டார் கம்பியைக் கட்டி ஆறு என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். முறுக்காணிகள் முறுக்க முறுக்க வழுக்கின. அதைவிடக் கொடுமை பிக்கப். கம்பிக்கு அடியில், அதன் அதிர்வைக் கரண்டாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சின்னப் பெட்டி அது. உள்ளே காந்தமும் அதைச் சுற்றி முடி மாதிரி செம்புக் கம்பிக் காயிலும் இருக்கும். இவர்கள் நான்கு கம்பி பேஸின் பிக்கப்பையே எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஓரத்து இரண்டு கம்பிகளும் அதற்கு வெளியே கிடந்தன. எந்தக் கம்பிக்காக நான் நாயாய் அலைந்தேனோ, அந்தக் கம்பி மட்டும் ஊமை.

அண்ணாச்சி பார்த்துவிட்டு, நோட்டீஸில் போடலாம் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். ஆனால் ஆடி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் கச்சேரியில் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார். அது சரியாக வந்தால் நான் குழுவில் இருக்கலாம், இல்லையென்றால் கீபோர்டே போதும். இதை வேனில் பேசியது மாதிரி ஜாடையாகச் சொல்லவில்லை, கடையில் குடத்தைத் துடைத்துக்கொண்டே நேராகச் சொன்னார்.

ஆறு மாதம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். முறுக்காணிகளை மில் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் லேத்தில் கடைந்து கொடுத்தார். நான் படும் பாட்டைப் பார்த்து மனசு கேட்காமல், கம்பிக்கு உதவியதும் அந்தக் கீபோர்டுக்காரர்தான். சிங்கப்பூரில் இருந்த தன் தங்கைக்கு எழுதி, இரண்டு கம்பிகளையும் வரவழைத்துக் கொடுத்தார். என் வேலைக்கு எதிராளியே எனக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. நன்றி சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிக்கப்புக்கு என்ன செய்வது? எங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவன் என் சேக்காளி. மில் மோட்டார், கிணற்று மோட்டார் எல்லாம் எரிந்துபோய் அவனிடம்தான் வரும். கச்சேரிகளுக்கு சவுண்ட் சர்வீஸும் அவன்தான், எங்கள் குழுவில் ஒவ்வொருத்தர் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற மிக்சரில் உட்காருவதும் அவன்தான். காயில் என்றால் காயில்தானே, கட்டிவிடலாம் என்றான். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை உடைத்து, பழைய ரேடியோவுக்குள் இருந்து மெல்லிய கம்பியை உருவி, ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுற்றினோம். பாதியில் கம்பி அறுந்தால் முதலிலிருந்து. எத்தனை தடவை அறுந்தது என்று கேட்காதீர்கள்.

கடையிலேயே போட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் டெஸ்டிங்கில் இரண்டு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வீட்டில் பேண்டேஜ் துணித் தறி அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் கீழ்க் கம்பியைத் தட்டினேன். அலமாரியில் இருந்த டப்பாக்கள் ஆடின. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நான் மில்லில் நிற்கிறவன், அவன் மோட்டாருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறவன். எங்கள் இருவர் காதுக்கும் இரைச்சல்தான் அமைதி. அந்தக் காதை நம்பித்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம்.

தெருவை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். சீரியல் லைட்டும் ட்யூப்லைட்டுமாகச் சாயங்காலமே ஜெகஜோதி. நோட்டீஸில் 'ஆறு கம்பி பேஸ் கிட்டார்' என்று தனி வரி போட்டிருந்தார் அண்ணாச்சி. என்னை முன்னால் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் மேடையில் நிற்கிறவனுக்குத் தன் சத்தம் தனியாகக் கேட்க ஒரு பெட்டியும் கிடையாது. வெளியே போகும் சத்தத்தில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். கிட்டார் வயிற்றில் ஒட்டியிருந்தது, ஒவ்வொரு தட்டுக்கும் எலும்பு வரைக்கும் அதிர்ந்தது. வெளியே பேஸ் கும்மென்று போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அப்படி வாசித்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் அண்ணாச்சி என் தோளில் தட்டி, "தம்பி, இன்னைக்கு பேஸ் தூக்கிருச்சு. இனி நீ எங்கயும் போக வேண்டாம்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கக்கூட நான் முயற்சி பண்ணவில்லை.

மறுநாள் காலையில் காயில் கடைக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அவனுக்கென்று அரைக் கிலோ பால்கோவா வாங்கி வைத்திருந்தேன். பொட்டலத்தை நீட்டினால் அவன் வாங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மோட்டாரின் வயிற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான். திரும்பவும் நீட்டினேன்.

"ஏலே, எடுத்துக்கிட்டுப் போ. எனக்கு எறங்காது" என்றான்.

சர்க்கரை வியாதியா என்று கேட்டேன். அவன் கம்பியைக் கீழே வைத்தான்.

"ரெண்டாவது பாட்டுலயே மிக்சர்ல உன் லயனை நான் எறக்கிட்டேன். அம்புட்டு லைட்டுக்கு நடுவுல கொர்ருன்னு ஒரே எரைச்சல். அண்ணாச்சி திரும்பிப் பாத்தாக. நான் கட்டுன காயிலு, நான் என்னத்தச் சொல்ல?"

"அப்ப அண்ணாச்சி கேட்டது?"

"கீபோர்டு. எதுக்கும் எடது கைய விட்டுறாதீகன்னு அண்ணாச்சியே முன்னாடியே கீபோர்டுக்காரர்ட்ட சொல்லி வச்சிருந்தாக."

மேடையில் என் வயிற்றில் அதிர்ந்தது என் கிட்டார். காதில் விழுந்தது அடுத்தவனுடைய இடது கை. இரண்டையும் ஒன்றாக்கி, மூன்று மணி நேரம் நான் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். சேக்காளி மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பால்கோவாவை அவன் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஆனாலும் விட மனசில்லை. ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவர் பிக்கப்பைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். காயிலைச் சுற்றித் தகடு ஒட்டி, எர்த் வயர் இழுத்தால் லைட்டுகளிலிருந்து காயில் இழுக்கிற இரைச்சல் போய்விடும், இது கூடத் தெரியாதா என்றார். பத்து நிமிட வேலை. சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கிற வெள்ளித் தாளை வைத்தே செய்து கொடுத்தார். தன் கடையில் எல்லா லைட்டையும் போட்டுக் காட்டினார். கீழ்க் கம்பி சுத்தமாக, தனியாக, அடிவயிற்றிலிருந்து பேசியது. ஏழு மாதக் காத்திருப்பு, ஆறு மாத ரிப்பேர், எல்லாம் அந்த ஒரு சத்தத்துக்குத்தான்.

நேராகப் பாத்திரக்கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி, அன்றைக்கு நீங்கள் கேட்டது நான் இல்லை, இப்போது சரியாகிவிட்டது, ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அவருக்கு எல்லாம் முதலிலேயே தெரிந்திருந்தது.

"இப்ப வாரதே நல்லாத்தான இருக்கு தம்பி, எதுக்குக் கெடுத்துக்கிட்டு?" என்றார். பிறகு, என் முகம் சுருங்கியதைப் பார்த்து, சமாதானமாகவே சொன்னார். "ஆறு கம்பி கிட்டாருன்னு ஊர்ல பேசுதாக. கமிட்டிக்காரக கேட்டு வாராக. நீ முன்னாடி நின்னாப் போதும்."

இடம் போய்விடக் கூடாது என்று பயந்தேன். இடம் போகவில்லை. அன்றே கிட்டாரை அவர் கடையில் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். எனக்கு ரோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த நாள் மில்லுக்குப் போய் அந்த ஸ்பிண்டில்களுக்கு நடுவில் நின்றபோது, இனி எனக்கு இது மட்டும்தான் என்று தோன்றியது. போனேன். கச்சேரி கச்சேரியாக இரண்டு வருடம் போனேன். கிட்டார் வயரின் ஜாக்கை ஒழுங்காகக் குத்துவேன், மிக்சரில் என் லயன் ஏறாது. சேக்காளி என்னைப் பார்க்க மாட்டான், நானும் அவனைப் பார்க்க மாட்டேன். வேண்டுமென்றே ஒரு பாட்டைத் தாறுமாறாக வாசித்துப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கும். ஒருநாளும் முடியவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு சுரம் தப்பியிருக்காது.

கடைசிக் கச்சேரி செட்டியார்பட்டியில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடை ஓரமாக வந்து, கிட்டாரை மேலும் கீழும் பார்த்தார். கம்பிகளை விரல் நீட்டி எண்ணினார். அப்புறம் நிமிர்ந்து, "நீங்க எப்ப வாசிப்பீக?" என்று கேட்டார்.

நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.