கிணற்றில் சரிபாதி

மகள் பேருக்கு வீட்டை எழுதிவைக்கப் போயிருந்தேன். பழைய பத்திரத்தைப் படித்துக்கொண்டே வந்த எழுத்தர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“‘கிணற்றில் சரிபாதி பாத்தியம்’னு இருக்கு. இப்ப யாரு சார் தண்ணி எறைக்கிறாங்க? எடுத்துடலாமா?”

சின்ன வயதில் கேட்ட கிணற்று ராட்டினம் எனக்குள் கிறீச்சிட்டது. எங்கள் வீட்டுக்கும் பிலோமினா அக்கா வீட்டுக்கும் பொதுவான சுவர், கிணற்றின் குறுக்கே நிற்கும். ஆளுக்குப் பாதி வட்டம், தண்ணீர் ஒன்றுதான். மறுபக்கம் தெரியாது என்பதால், வாளிகள் மோதாமலிருக்க “வாளி விடறேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். சாக்கடைத் தகராறில் இரண்டு வீடும் பேச்சை நிறுத்திய பிறகும் அம்மா அதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து “விடு” என்று மட்டும் பதில் வரும்.

ஒரு நாள் காலையில் அந்தப் பதில் வரவில்லை.

“தொண்ட ஏன் இப்பிடி கம்மிப் போயிருக்கு? காய்ச்சலா?”

அம்மா வாளியைக் கிணற்று விளிம்பில் வைத்தாள். பிறகு, “ஆமாக்கா” என்றாள்.

சற்று நேரத்தில் வாசல் வழியாகவே வந்தார் பிலோமினா அக்கா. கையில் மிளகு ரசம், புடவையில் கிணற்றுப் பாசி வாசம்.

“சார், எடுத்துடட்டா?”

“வேணாம், எழுதுங்க” என்றேன். “எம் பொண்ணுக்கும் பக்கத்து வீடு வேணுமில்ல.”