நீலத்தண்டுக் காளான்

புதுக் காளான்களைத் தேடிக் கொழும்பிலிருந்து எங்கள் பசறைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த அந்த ஐயாவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான, கூனிய உருவம். அட்டைக்குப் பயந்து கால்சட்டையைக் காலுறைக்குள் செருகியிருப்பார். எந்தக் காளானையும் கண்ணை மூடி முகர்ந்த பிறகே தகரப் பெட்டியில் வைப்பார்.

அரிசியும் மாவும் கிடைக்காத பஞ்ச காலம் அது. ஒருநாள் அந்தியில் என் மனைவி மலையிலிருந்து மடி நிறையக் காளான் கொண்டுவந்து குழம்பு வைத்துவிட்டாள். நாங்கள் வழக்கமாகத் தின்பது போலத்தான் இருந்தது, தண்டு மட்டும் நீலம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் ஓடினேன்.

முகர்ந்தார். காளானின் குடையைக் கழற்றி வெள்ளைத் தாளில் வைத்துக் கோப்பையால் மூடினார்.

"பொடி உதிரட்டும். காலையிலதான் ஏதும் சொல்ல ஏலும்."

"பிள்ளைங்க பசியோட இருக்குதுங்க, ஐயா."

"தெரியாததைத் தின்னச் சொல்ல மாட்டன்."

வீட்டுக்கு வந்து குழம்பைச் சாக்கடைக் கானில் கொட்டினேன்.

"தெரியாதுன்னுதானே சொன்னாரு? வெசம்னா சொன்னாரு?" என்று மனைவி கத்தினாள்.

காலையில் அவரே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். தாளில் இளஞ்சிவப்புப் பொடி.

"புதுச் சாதி எண்டுதான் நினைக்கிறன்! இதுக்கு இன்னும் ஆரும் பேர் வைக்கேல்லை."

சிரித்தவர், கழுவிக் கவிழ்த்திருந்த சட்டியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பிள்ளைகள் என்ன சாப்பிட்டதுகள்?"

"வெறும் தேத்தண்ணிங்க. அதத் தின்னலாமுங்களா, ஐயா?"

"இன்னும் தெரியாது," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் என்ன பெயர் வைத்தாரோ. மழை விட்ட காலையில் நீலத்தண்டு கண்ணில் பட்டால் நானும் கண்ணை மூடி முகர்ந்து பார்க்கிறேன். கொட்டியது விஷமா, பிள்ளைகளின் சோறா என்று மூக்கு சொல்வதில்லை.