கப்டன் இருந்த சனிக்கிழமை

புளியங்கூடல் தில்லைநாதன் கதிரையில் முதுகு சாய்த்து உட்கார்ந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருக்கு முடி வெட்டுகிறவர். மற்றவர் தாலி எடுத்துக் கொடுத்த ஐயர். அவரும் சத்தியம் பண்ணச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார். எழுபத்திரண்டு வயதிலும் மனிதர் நின்றபடி தேத்தண்ணீர் குடிப்பார், நடந்தபடி பேப்பர் வாசிப்பார். கடைசிப் பக்கம் முடியும்போது அடுத்த ஊர்ச் சந்தியில் நிற்பார்.

பதினைந்து வயதில் பண்டாரவளையில் பெரியப்பாவின் புடைவைக் கடையில் நின்று பழகிய கால்கள் அவை. எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் அந்தக் கடைக்கு நெருப்பு வைத்தபோது அவர் பின்னறையில் சம்மணம் கட்டிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். எச்சில் கையோடு ஓடினவர்தான். பிறகு எங்கே இருந்தாலும் ஒரு கால் வாசலைப் பார்த்தபடியே இருக்கும். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

பிள்ளைகள் கனடாவுக்குப் போன பின் அவருடைய நடைக்கு ஈடுகொடுத்த ஒரே சீவன் கப்டன்தான். மண்ணிற நாய். ஒரு காது நிமிர்ந்தது, மற்றது மடிந்தது. வந்து இரண்டு வருடத்தில் எசமானின் குணம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. தூங்கும்போதுகூட அதன் கால்கள் காங்கேசன்துறை வரை போய் வரும்.

பிரச்சினை புரட்டாதிச் சனியில் வந்தது. மனைவி அன்னபூரணம் அந்த மாதச் சனிக்கிழமைகளில் விரதம். எள்ளெண்ணெய் எரித்துக் கும்பிட்டு வந்து, சமைத்து, முதல் பிடி சோற்றைக் கிணற்றடியில் வாழையிலையில் வைப்பார். காகம் வந்து எடுத்தால்தான் அவர் வாயில் தண்ணீர் படும். முதற் சனி, சோற்றைக் கப்டன் எடுத்தது. இரண்டாம் சனி கட்டிவைத்தார்கள்; அது குரைத்த குரைப்பில் மூன்று ஊர்க் காகங்களும் வந்து பனைகளில் நிறைந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. மூன்றாம் சனி அறைக்குள் பூட்டினார்கள். ஊளையிட்டது. விரத நாளில் வீட்டில் ஊளை கேட்கலாமா? அன்று அன்னபூரணம் சாப்பிட்டபோது பின்னேரம் நாலரை.

"இஞ்சாருங்கோ," என்றார், கை கழுவிக்கொண்டே. "வாற சனி கடைசிச் சனி. அண்டைக்கும் உந்த நாய் அடங்கி இருக்காட்டி மார்க்கண்டு கொண்டுபோகட்டும். மண்டைதீவிலை அவன்ரை கோழிக்கூட்டுக்குக் காவலுக்கு ஆள் தேடுறான்."

மார்க்கண்டு அன்னபூரணத்தின் தம்பி. சொன்னால் சொன்ன நேரத்துக்கு வாகனத்தோடு வந்து நிற்பவர்.

தில்லைநாதனுக்கு அன்றிரவு நித்திரை இல்லை. விடிந்ததும் ரொறன்ரோவில் இருக்கும் மகள் இந்துஜாவுக்கு வீடியோ கோல் எடுத்தார்.

"அப்பா, கையைக் காட்டி, இருக்கச் சொல்லி, இங்கிலீசிலை 'ஸ்ரே' எண்டு சொல்லுங்கோ. இருந்தால் பிஸ்கட். எழும்பினால் ஒண்டும் இல்லை. சனம், சத்தம் இருக்கிற இடத்திலையும் கொண்டுபோய்ப் பழக்குங்கோ. இஞ்சை நாங்கள் இலையுதிர்காலத்திலை பார்க்குக்குக் கொண்டுபோய்த்தான் பழக்கிறனாங்கள்."

இங்கே உதிர இலை ஏது? சோளகக் காற்று ஓய்ந்து, மழைக்கு வானம் மூட்டம் கட்டிய புழுக்கம்தான். ஞாயிறு பனங்கூடல். திங்கள் கடற்கரை. செவ்வாய் தோட்டவெளி. "ஸ்ரே!" என்பார், கப்டன் குந்தும், எண்ணி மூன்றாவது மூச்சில் எழும்பி அவருக்குப் பின்னால் வரும். மூன்று பெட்டி பிஸ்கட் முடிந்தது. பாதியை நாய் சாப்பிட்டது. மீதி, பதற்றத்தில் அவரே.

புதன்கிழமை, ஊரில் ஓட்டோ ஓடும் லியோனைப் பிடித்துக் குறிகட்டுவானுக்குப் போனார்கள். இறங்குதுறை முழுக்க நயினாதீவுக்குப் போகிற சனம். தில்லைநாதன் கையை நீட்டி "ஸ்ரே" என்றார். சொல்லிவிட்டு, படகில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்கப் போனார். பார்த்தவர் ஏறியும் பார்த்தார். கப்டன் பாய்ந்து ஏறியது. படகு கயிற்றை விட்டது. நயினாதீவில் இறங்கின ஐயாவும் நாயும் அடுத்த படகில் திரும்பி வந்தபோது, லியோன் ஓட்டோவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ. நாயை இருக்கச் சொல்லிப்போட்டு நீங்கள் எங்கை போறனீங்கள்?"

"நான் எங்கையும் போகேல்லை. சும்மா பாத்தனான்."

"அவனும் உங்களைப் போலை சும்மா பாக்கத்தான் வந்தவன்."

தில்லைநாதனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் வியாழனும் வெள்ளியும் அவர் செய்த காரியம் ஊருக்கே தெரியாது. கிணற்றடியில், வெறும் மண்ணில், நாய்க்குப் பக்கத்தில் தானும் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். முதல் நாள் முழங்கால் துடித்தது. கண் அடிக்கடி வாசல் படலைக்குப் போனது. கப்டன் அவரைப் பார்த்தது. அவர் எழும்பவில்லை, அதுவும் எழும்பவில்லை.

சனிக்கிழமை. மார்க்கண்டு பன்னிரண்டுக்கே வாகனத்தோடு வந்துவிட்டார். கையில் புதுச் சங்கிலி. இலை வைத்தாகிவிட்டது. தில்லைநாதன் நாயின் முதுகில் கை வைத்து இருந்தார். கால் மணி. அரை மணி. காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருந்தது. முக்கால் மணியில் ஒரு காகம் கிணற்றுக் கட்டில் வந்து குந்தியது. கப்டன் அசையவில்லை. காகம் இறங்கியது. தத்தியது. இலையை நோக்கிக் கழுத்தை நீட்டியது.

"பாத்தீரோ அன்னம்! இருக்கிறான், பாரும்!" என்று தில்லைநாதன் துள்ளி எழும்பினார்.

காகம் பறந்துவிட்டது.

மார்க்கண்டு சங்கிலியை ஆட்டினார். "அத்தான், நாய் இருந்தது. நீங்கள்தான் எழும்பினீங்கள். இப்ப இதை ஆருக்குப் போடுறது?"

பசியில் வாடிப்போயிருந்த அன்னபூரணம் சிரிக்கவில்லை. "நீங்கள் படலைக்கு வெளியிலை போய் நில்லுங்கோ. நாய் தனிய இருக்கட்டும். இருந்தால் வீட்டிலை. எழும்பினால் மண்டைதீவு."

தில்லைநாதன் குனிந்து நாயின் மடிந்த காதில் "இரடா" என்றார். ஆங்கிலம் மறந்துவிட்டது. வெளியே போய்ப் படலையின் தகர இடுக்கால் பார்த்தார். கப்டனும் அந்த இடுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னங்கால் பாதி எழும்பியது. அவர் விரல் ஒன்றை அசைத்தாலும் அது ஓடி வரும். அது அவருக்குத் தெரியும். பஸ் போனது; திரும்பவில்லை. நுளம்பு கடித்தது, அடிக்கவில்லை. லியோன் ஓட்டோவை நிறுத்தி, "எங்கை அண்ணை, ஏறுங்கோவன்," என்றான், அவர் மூச்சுக்கூட விடவில்லை. அவரைக் கல்லாகக் கண்ட லியோன், பயந்து ஓட்டோவை நிறுத்தியபடியே நின்றான்.

கப்டன் மெல்லக் குந்தியது.

காகம் வந்தது. இந்தமுறை இரண்டு. ஒன்று கொத்தியது, மற்றது ஒரு கவளத்தோடு முருங்கைக்குப் பறந்தது.

"எடுத்திட்டுது!" என்று அன்னபூரணம் கூவினார். "தம்பி, சங்கிலியை வாகனத்திலை போட்டிட்டு வந்து கையைக் கழுவு. இஞ்சாருங்கோ, உள்ளுக்கு வாங்கோ, இலை போடுறன்."

தில்லைநாதன் படலையைத் திறக்கவில்லை.

"அன்னம், அவன் இன்னும் இருக்கிறான்," என்றார். "எழும்பச் சொல்லுறது எப்பிடியெண்டு நான் பழக்கேல்லை."

"அப்ப நீங்களும் வந்து அவனுக்குப் பக்கத்திலை இருங்கோ," என்றார் அன்னபூரணம். அவருக்கும் நாய்க்குமாக இரண்டு இலைகளைக் கிணற்றடிக்கே கொண்டுவந்து போட்டார்.