சைபர் போடாத மூன்று வருடங்கள்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோ நகரில் நான் இரண்டு வீடுகளில் வேலை பார்த்தேன். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரே கட்டடம். காலையில் மேல்மாடி சின்யோர் நீனோ, பின்னேரம் கீழ்வீட்டு சின்யோர் தோத்தோ. அண்ணன் தம்பி. இருவரும் நாற்பது வருடம் அமெரிக்காவில் உழைத்துத் திரும்பியவர்கள். இரண்டு வீட்டு வேலைக் கடிதமும் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்ற என் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பார்கள்.

அமெரிக்காவிலிருந்து இருவரும் கொண்டுவந்த பெரிய சொத்து ஒரு பேஸ்போல் சண்டை. இரண்டு ஆட்டக்காரர்களில் யார் பெரியவன்? நீனோவின் ஆள் இருபது வருடம் விடாமல் ஆடி ஹோம் ரன் குவித்தவன். ஹோம் ரன் என்றால் நம்முடைய சிக்ஸர் மாதிரி. தோத்தோவின் ஆள் நல்ல வயதில் மூன்று வருடம் போருக்குப் போனவன். காலையில் கோப்பி கொடுக்கும்போது நீனோவிடம், "ஓம், உங்கடை ஆள்தான்" என்பேன். பின்னேரம் தோத்தோவுக்குச் சவரம் செய்யும்போதும் அதையே சொல்வேன். எத்தனை நாளைக்கு?

ஈஸ்டர் சாப்பாட்டில் இருவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். நான் தன் பக்கம் என்று இருவருமே சொல்ல, குட்டு உடைந்தது.

"பொய்க்காரனை நான் வீட்டில வைச்சிருக்க மாட்டன்," என்றார் நீனோ. "இப்ப சொல்லு, ஆர் பெரியவன்?"

யார் பக்கம் சொன்னாலும் ஒரு கடிதம் போய்விடும். நேரம் கடத்த, இரண்டு ஆட்டக்காரர்களின் வருடக் கணக்கையும் நீனோ எழுதிவைத்திருந்த கொப்பியை வாங்கிப் பார்த்தேன். தோத்தோவின் ஆளுக்குப் போர் வருடம் மூன்றிலும் சைபர். பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதியவன் நான்.

"ஆர் பெரியவன் எண்டு எனக்குத் தெரியாது சின்யோர். ரெண்டு பேருக்கும் தலையாட்டினது என்ரை பிழை. ஆனா இந்தச் சைபர் உங்கடை பிழை. துடுப்போட இறங்காதவனுக்கு நாங்கள் சைபர் போடமாட்டம். 'ஆடவில்லை' எண்டு எழுதுவம். சராசரியிலயும் சேர்க்கமாட்டம்."

நீனோ கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ எத்தினை வருசம் ஆடேல்லை?" என்று கேட்டார்.

"கம்பஸில ரெண்டாம் வருசம் படிக்கேக்கை ஊரில சண்டை பெருத்திட்டுது. ஏழு வருசம் போயிட்டுது."

நீனோ எழும்பிப் போய் அழிறப்பர் எடுத்துவந்து மூன்று சைபரையும் அழித்தார். யார் பெரியவன் என்ற சண்டை அடுத்த நாளே மறுபடி தொடங்கியது. நான் இரண்டு வீட்டிலும் "தெரியாது" என்றேன்.

கடிதம் இரண்டும் கிடைத்தன. நீனோவின் கடிதத்தில் யாரும் கேட்காத ஒரு வரி இருந்தது: 'பல்கலைக்கழக மாணவர், படிப்பு போரால் நின்றது.' அனுமதி கொடுக்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை. நான் வாசித்து அழுதேன்.

இஞ்சை பிறந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் அப்பா அம்மா ஆட முடியாமல் போன வருடங்களுக்குச் சைபர் போடாதீர்கள்.