வயர் மேல்தான் சந்தேகம்

ரகுநாதன் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது, நான் மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பு வாசலில் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அவன் மனைவி உமா. "அண்ணா, அவர் போயிட்டார்" என்றார். லாரிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்ல யாருக்கானா முடியலையா?" என்று கேட்டார். சண்டையை அப்படியே விட்டுவிட்டு சிட்லபாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

தாம்பரம் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ரகு யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பெயருக்குத்தான் கணக்குப் பிரிவு. நம் எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அவன்தான் வைத்தியன். ஞாயிற்றுக்கிழமை வருவான், மூடியைக் கழற்றுவான், ஸ்க்ரூக்களைப் போட்டுவைக்க ஒரு டபரா கேட்பான். டபராவை ஸ்க்ரூவுக்குக் கொடுத்துவிட்டு வெறும் டம்ளரில் சூடான காபியை வைத்துக்கொண்டு திண்டாடுவான். உதவிக்கு என்று கூடப் போய், டார்ச் அடிப்பதும் கேலி செய்வதும் என் வேலை.

அவனிடம் ஒரு குணம் உண்டு. ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டான். வெள்ளம் வந்த வருஷம், முடிச்சூரில் நம் அலுவலகத்துச் செல்வியின் வீடு முங்கிப்போனது. அவர் மகளின் கல்யாணப் படங்கள் மொத்தமும் கம்ப்யூட்டரில் இருந்தன. ரகு சேற்றைத் துடைத்து, காயவைத்து, தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தான். கடைசியில், "போயிடுச்சு செல்வி, திரும்ப வராது" என்று சொல்லிவிட்டான். அவர் அழுதார். வெளியே வந்ததும் நான் அவனைத் திட்டினேன். பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்டேன்.

"சொன்னா அவங்க தினமும் காத்துக்கிட்டு இருப்பாங்களே. மெஷின் விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்டா" என்றான்.

தாம்பரம் வரும்வரை நான் அவனோடு பேசவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் போன் செய்து, அவரவரிடம் இருந்த படங்களைக் கெஞ்சி வாங்கி செல்வியிடம் சேர்த்ததும் அவன்தான். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. செல்வி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, உமா என்னை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் ரகுவின் கம்ப்யூட்டர் மூடி கழற்றியபடியே இருந்தது. பக்கத்தில் டபராவில் ஸ்க்ரூக்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உமா நடந்ததைச் சொன்னார். கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் திறக்கிறதென்று ரகு பழைய டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புது டிரைவ் வாங்கிவந்திருக்கிறான். போன அன்று காலையில் அதை வெளியிலிருந்தே இணைத்து, பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றிவிட்டான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த வீட்டில் மிக்ஸியானாலும் மின்விசிறியானாலும் புதிதாக வந்தால் சந்தனம் குங்குமம் இடாமல் ஓட விடமாட்டார்கள். உள்ளே பொருத்துவதற்கு முன் உமா அதற்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். வீட்டில் கிடந்த பழைய வயர் ஒன்றால் பொருத்தி ஆன் செய்தால், டிரைவ் இல்லை என்கிறது கம்ப்யூட்டர். ரகு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சு வலி வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, நான் பொட்டு வெச்சதாலதான் கெட்டுப்போச்சான்னு கேட்டேன். 'உன் பொட்டு மேல தப்பில்ல உமா, எனக்கு வயர் மேலதான் சந்தேகம்'னார். அதுக்கப்புறம் பேசல. என்னை சமாதானப்படுத்தத்தான் சொல்லியிருப்பார் அண்ணா. நான் கெடுத்துட்டேன். அந்த டென்ஷன்லதான் அவர் போனார்."

குங்குமம் உள்ளே போயிருந்தால் என்ன சொல்வது? நான் ரகு இல்லை. பொய்தான் சொல்லியிருப்பேன்.

டிரைவை வெளியே எடுத்தேன். பொட்டு மேலே லேபிளின் நடுவில் இருந்தது. வயர் சொருகும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. திரும்பப் பொருத்தினேன், வரவில்லை. வயரின் மறுமுனையைப் போர்டில் வேறு இடத்தில் சொருகினேன், அப்போதும் வரவில்லை. கடைசியாக, யாரும் தொடாமல் கிடந்த டிவிடி டிரைவின் வயரைக் கழற்றி இதில் மாட்டினேன். திரையில் புது டிரைவின் பெயர் வந்தது. ரகு ஆசைப்பட்ட வேகத்தில் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. அதைப் பார்க்க அவன் இல்லை.

உமா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். "எனக்காகச் சொல்லாதீங்க அண்ணா. நிஜமாவே வயர்தானா?"

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பழைய வயரை மாட்டிக் காட்டினேன், டிரைவைக் காணோம். மறுபடி அணைத்து டிவிடியின் வயரை மாட்டினேன், வந்தது. பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. உமா அதைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப நிஜமாத்தான் சொல்லியிருக்கார்" என்றார். அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

கிளம்பும்போது அந்தக் கெட்டுப்போன வயரைக் கொடுத்து, போகிற வழியில் குப்பையில் போட்டுவிடச் சொன்னார். சரி என்று வாங்கிக்கொண்டேன். போடவில்லை. என் மேசை டிராயரில் இருக்கிறது. இனி அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் உதவாது. மெஷின் விஷயத்தில் ரகு கடைசியாகச் சொன்னது அதைப் பற்றித்தான். சரியாகத்தான் சொன்னான்.